மைக்ரோமீட்டரை அளப்பது எது?

வீட்டுத் தண்ணீர் மோட்டார் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தால் மெக்கானிக் சொல்லும் முதல் வார்த்தை, "பேரிங் போயிடுச்சு சார், மாத்திடலாம்." மோட்டாரைக் கழற்றி, பேரிங்கின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் படிக்கிறார்: 6203. கடையில் போய் அந்த எண்ணை மட்டும் சொல்கிறார். மோட்டார் எந்தக் கம்பெனி, எந்த வருஷத்து மாடல் என்று கடைக்காரர் கேட்பதில்லை. அவர் எடுத்துக் கொடுக்கும் பேரிங் ஜப்பானில் செய்ததாக இருக்கலாம், புனேயில் செய்ததாகவும் இருக்கலாம். மோட்டாரின் ஷாஃப்ட் கோவையில் ஏதோ ஒரு பட்டறையில் கடைந்தது. பேரிங் செய்தவரும் ஷாஃப்ட் கடைந்தவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை, பேசியதில்லை. பேரிங் ஷாஃப்டில் கச்சிதமாக ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

இதில் வியக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கணக்கைப் பார்த்தால் வியப்பு வரும். 6203 என்றால் உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 40 மி.மீ., அகலம் 12 மி.மீ. சாதாரணத் தரத்துப் பேரிங்கில் அந்த உள்விட்டம் 17 மி.மீ.க்கு மேல் போகவே கூடாது. குறையலாம், ஆனால் 8 மைக்ரானுக்கு மேல் குறையக் கூடாது. மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறுதான் மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதாவது முடியின் தடிமனில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குக்குள் அந்தத் துளையின் அளவு அடங்கியிருக்க வேண்டும். இப்படி ஓர் அளவுக்கு அனுமதிக்கும் ஏற்றத்தாழ்வைப் பட்டறையில் டாலரன்ஸ் என்பார்கள். ஏற்புவரம்பு என்று நாம் சொல்லலாம். ஷாஃப்ட் கொஞ்சம் மெலிந்திருந்தால் பேரிங்கின் உள்வளையம் அதன்மேல் வழுக்கிச் சுற்றி ஷாஃப்டையே தேய்த்துவிடும். கொஞ்சம் தடித்திருந்தால் உள்வளையம் விரிந்து, குண்டுகளுக்கு இடமில்லாமல் போய், பேரிங் சூடேறிச் சீக்கிரம் செத்துப்போகும்.

ஒரு காலத்தில் இப்படி மாற்றிப் பொருத்துவதே அதிசயமாக இருந்தது. 1908இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மூன்று காடிலாக் கார்களை முழுவதுமாகப் பிரித்து, உதிரிபாகங்களை ஒன்றாகக் கலந்து குவித்து, அந்தக் குவியலிலிருந்து மறுபடி மூன்று கார்களைப் பூட்டி, 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். அதற்காக அந்தக் கம்பெனிக்கு டியூவர் கோப்பையே கிடைத்தது. அரம் வைத்து ராவி, ஒரு பாகத்தை இன்னொன்றுக்கு ஒத்துவரச் செய்வதுதான் அன்றைய வழக்கம். ஒரு காரின் பாகம் இன்னொரு காருக்குப் பொருந்தும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இரண்டு ஊர்களில் இருக்கும் இரண்டு பேர் "17 மி.மீ." என்று சொல்லும்போது, இரண்டு பேரும் ஒரே நீளத்தைத்தான் சொல்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? ஷாஃப்ட் கடைந்தவர் தன் மைக்ரோமீட்டரை நம்பினார். அந்த மைக்ரோமீட்டரை அவர் எதை வைத்து நம்பினார்?

முதலில் அந்தக் கருவியைப் பார்ப்போம். பள்ளியில் திருகு அளவி என்று படித்திருப்போம். புரிக்கோல், தலைக்கோல், சுழித் திருத்தம், மீச்சிற்றளவு என்று மனப்பாடம் செய்து, கம்பியின் விட்டத்தை அளந்து செய்முறை ஏட்டில் எழுதியிருப்போம். பட்டறையில் அதே கருவிக்குப் பெயர் மைக்ரோமீட்டர். அதன் திருகை ஒரு முழுச் சுற்று சுற்றினால் முனை அரை மில்லிமீட்டர் நகரும். சுற்றும் உருளையின் விளிம்பில் 50 கோடுகள். ஒரு கோடு நகர்ந்தால் முனை 0.01 மி.மீ. நகர்ந்திருக்கிறது. உருளையின் சுற்றளவு ஐந்தாறு சென்டிமீட்டர் இருப்பதால், அந்த 0.01 மி.மீ. நம் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியாகத் தெரிகிறது. திருகு இங்கே நூறு மடங்கு பெருக்கிக் காட்டும் கருவி. 17ஆம் நூற்றாண்டில் வில்லியம் காஸ்காயின் என்ற ஆங்கில இளைஞர் இதே உத்தியைத் தொலைநோக்கிக்குள் வைத்துக் கோள்களின் தோற்ற விட்டத்தை அளந்தார். இன்று நாம் கையில் பிடிக்கும் குதிரைலாட வடிவத்துக்கு 1848இல் பிரான்சில் காப்புரிமை வாங்கியவர் ழான் லோரான் பால்மர்.

வெர்னியர் காலிப்பரும் அளக்கத்தான் செய்கிறது. இன்று கடையில் கிடைக்கும் டிஜிட்டல் காலிப்பர் 0.01 மி.மீ. வரை எண்ணாகவே காட்டுகிறது. பிறகு மைக்ரோமீட்டர் எதற்கு? இந்தக் கேள்விக்கு 1890இல் தெளிவான பதில் சொன்னவர் ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே. அளக்கப்படும் பொருளும் அளவுகோலும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்பது அவர் விதி. காலிப்பரில் கோடுகள் மேலே சட்டத்தில் இருக்கின்றன, பொருளோ கீழே தாடைகளுக்கு நடுவில். சட்டத்தில் வழுக்கி ஓடும் தாடைக்குக் கொஞ்சமாவது ஆட்டம் இருந்தே தீரும். பொருள் சட்டத்திலிருந்து 40 மி.மீ. தள்ளியிருந்து, தாடை ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு சாய்ந்தாலே 12 மைக்ரான் பிழை வந்துவிடும். நம் பேரிங்கின் ஏற்புவரம்பைவிட அது பெரியது. மைக்ரோமீட்டரில் திருகு, முனை, பொருள் மூன்றும் ஒரே கோட்டில் வருவதால் அதே சாய்வு அங்கே பொருட்படுத்தத் தேவையில்லாத பிழையைத்தான் தரும்.

டிஜிட்டல் திரையைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். திரையில் கடைசி இலக்கம் தெரிகிறது என்பதற்காக அந்த இலக்கம் உண்மை என்று ஆகிவிடாது. 0.01 மி.மீ. காட்டும் காலிப்பருக்குத் தயாரிப்பாளரே 0.02, 0.03 மி.மீ. பிழை வரை அனுமதித்திருப்பார். எவ்வளவு நுணுக்கமாகக் காட்டுகிறது என்பது ஒன்று, எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பது வேறு. மாணவர்களுக்கு மீச்சிற்றளவைக் கற்றுக்கொடுக்கிறோம், இந்த வேறுபாட்டைக் கற்றுக்கொடுப்பதில்லை. அது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

அனுபவமுள்ள டர்னர் ஷாஃப்டை அளப்பதைக் கவனித்துப் பாருங்கள். முதலில் மைக்ரோமீட்டரின் இரண்டு முனைகளுக்கு நடுவில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து லேசாக மூடி, தாளை உருவி எடுப்பார். முனைகளில் ஒட்டியிருக்கும் எண்ணெயும் தூசியும் தாளோடு வந்துவிடும். பிறகு முழுவதும் மூடிச் சுழி சரியா என்று பார்ப்பார். ஷாஃப்டை நடுவில் வைத்து, கடைசித் திருப்பலை உருளையைப் பிடித்துச் செய்யாமல், பின்னால் இருக்கும் சிறிய ராட்செட் குமிழைப் பிடித்துச் செய்வார். அது டிக் டிக் என்று நழுவும். யார் திருப்பினாலும் முனை ஒரே விசையோடு பொருளைத் தொடவேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. இறுக்கி முறுக்கினால் கருவியின் சட்டமே மைக்ரான் கணக்கில் வளைந்துவிடும்.

சுழி சரியாக இருந்தால் போதுமா? போதாது. மூடிய நிலையில் பூஜ்யம் காட்டுகிறது என்பது ஒரே ஓர் இடத்துச் சாட்சி. 17 மி.மீ.யில் அது சரியாகக் காட்டும் என்று யார் சொன்னது? திருகின் புரி எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கடையப்பட்டிருக்க வேண்டுமே. அதனால் துல்லியமாக நீளம் தெரிந்த எஃகுக் கட்டைகளை முனைகளுக்கு நடுவில் வைத்துச் சோதிப்பார்கள். சோதனைக்கு எடுக்கும் நீளங்களைப் பார்த்தால் விசித்திரமாக இருக்கும்: 2.5, 5.1, 7.7, 10.3, 12.9, 15.0, 17.6, 20.2, 22.8, 25.0 மி.மீ. ஏன் 5, 10, 15, 20 என்று முழு எண்களில் பார்க்கக் கூடாது? சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும் திருகில் முழு எண்கள் எல்லாம் உருளையின் பூஜ்யக் கோட்டிலேயே வந்து நிற்கும். ஒரு சுற்றுக்குள்ளேயே புரி ஓரிடத்தில் வேகமாகவும் ஓரிடத்தில் மெதுவாகவும் முன்னேறினால் அந்தக் குறை ஒருபோதும் வெளிப்படாது. 5.1இல் உருளை 10ஆம் கோட்டில் நிற்கும், 7.7இல் 20ஆம் கோட்டில், 10.3இல் 30ஆம் கோட்டில், 12.9இல் 40ஆம் கோட்டில். சுற்றின் எல்லாப் பக்கமும் சோதனைக்கு உள்ளாகிறது. இந்த எண்வரிசையை முதலில் யோசித்தவர் யாரோ, அவர் கருவியின் மனதைப் படித்தவர்.

இனி அந்த எஃகுக் கட்டைகள். பட்டறையில் ஸ்லிப் கேஜ் என்பார்கள். மரப்பெட்டிக்குள் வரிசையாக அடுக்கப்பட்டு, கண்ணாடிபோல் பளபளத்துக்கொண்டிருக்கும் சிறு செவ்வகக் கட்டைகள். இவற்றின் கதை சுவீடனில் எஸ்கில்ஸ்டூனா என்ற ஊரின் துப்பாக்கித் தொழிற்சாலையில் தொடங்குகிறது. அங்கே வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் யோகான்சன் 1896இல் ஜெர்மனியின் ஓபெர்ன்டோர்ஃபில் இருந்த மௌசர் தொழிற்சாலைக்கு அனுப்பப்பட்டார். அங்கே துப்பாக்கியின் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாகச் செய்த சோதனைக் கட்டைகள் பெட்டி பெட்டியாக இருந்தன. தன் தொழிற்சாலைக்கும் இத்தனையும் செய்ய வேண்டுமே என்ற கவலையோடு ரயிலில் திரும்பும்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது.

மளிகைக் கடைக்காரர் தராசுக்கு 1 கிலோ, 2 கிலோ, 5 கிலோ என்று சில எடைக்கற்களைத்தான் வைத்திருப்பார். அவற்றைச் சேர்த்து வைத்தே 3 கிலோவும் 8 கிலோவும் நிறுத்துவிடுவார். நீளத்துக்கும் அப்படியே செய்தால் என்ன? யோகான்சன் கணக்குப் போட்டு 102 கட்டைகளில் முடித்தார். 1.01 மி.மீ. முதல் 1.49 மி.மீ. வரை 0.01 ஏற்றத்தில் 49 கட்டைகள். 0.5 மி.மீ. முதல் 24.5 மி.மீ. வரை அரை அரை மில்லிமீட்டர் ஏற்றத்தில் இன்னொரு 49. பிறகு 25, 50, 75, 100 என்று நான்கு. 36.74 மி.மீ. வேண்டுமா? 1.24, 10.5, 25 ஆகிய மூன்றையும் சேர்த்தால் போதும். 1 மி.மீ. முதல் 201 மி.மீ. வரை 0.01 ஏற்றத்தில் இருபதாயிரம் அளவுகளை அந்த ஒரே பெட்டி தந்துவிடும்.

கணக்கு சுலபம், செய்வதுதான் கடினம். மூன்று கட்டைகளைச் சேர்க்கும்போது நடுவில் சந்து விழுந்தால் கணக்கு கெட்டுப்போகும். அதனால் கட்டைகளின் முகங்கள் அசாத்தியமான தட்டையோடும் வழவழப்போடும் இருக்க வேண்டும். மனைவியின் தையல் இயந்திரத்தை மாற்றியமைத்து, அதில் கட்டைகளின் முகத்தைத் தேய்த்து மெருகேற்றினார் யோகான்சன். 1901இல் சுவீடனில் காப்புரிமை கிடைத்தது. 1923இல் ஹென்றி ஃபோர்டு அவரை அமெரிக்காவுக்கே அழைத்துக்கொண்டார்.

அந்தக் கட்டைகளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு மறக்காத அனுபவம் ஒன்று உண்டு. இரண்டு கட்டைகளின் முகங்களையும் ஸ்பிரிட்டில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்து, ஒன்றின்மேல் ஒன்றைக் குறுக்காக வைத்து, லேசாக அழுத்திச் சறுக்கித் திருப்ப வேண்டும். முதலில் வழுக்கிக்கொண்டு போகும். சட்டென்று ஒரு கணத்தில் பிடித்துக்கொள்ளும். பிறகு மேல் கட்டையைத் தூக்கினால் கீழ்க் கட்டையும் கூடவே வரும். பசையும் இல்லை, காந்தமும் இல்லை. இழுத்துப் பிரிக்க முடியாது, சறுக்கித்தான் பிரிக்க வேண்டும். வேலை முடிந்ததும் பிரித்துத் துடைத்து எண்ணெய் பூசி வைக்காமல் பல நாள் அப்படியே விட்டால், பிரிப்பதே கஷ்டமாகிவிடும்.

எது பிடித்து வைக்கிறது? உள்ளே இருந்த காற்று வெளியேறிவிட்டதால் வெளிக்காற்று அழுத்துகிறது என்று முதலில் நினைத்தார்கள். காற்றின் அழுத்தம் மட்டும் என்றால், இந்தச் சிறிய முகத்தின்மேல் ஏறத்தாழ மூன்று கிலோ எடையைத்தான் அது தாங்கும். அளந்து பார்த்தால் பிரிக்க அதைவிடப் பல மடங்கு விசை தேவைப்படுகிறது. காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடத்திலும் கட்டைகள் பிரிவதில்லை. ஆகவே காற்று முக்கியக் காரணம் அல்ல. முகங்களில் ஒட்டியிருக்கும் எண்ணெய், ஈரம் ஆகியவற்றின் மிக மெல்லிய படலமும், இவ்வளவு நெருங்கிவிட்ட இரு உலோகப் பரப்புகளின் மூலக்கூறுகளுக்கு இடையிலான கவர்ச்சியும் சேர்ந்தே பிடிக்கின்றன.

இங்கே இன்னும் ஆழமான ஒரு கேள்வி எழுகிறது. கட்டையின் முகத்தைத் தட்டையாக்க, தட்டையான ஒரு பலகையின்மேல் தேய்க்க வேண்டும். அந்தப் பலகையைத் தட்டையாக்க இன்னொரு தட்டை. முதல் தட்டை எங்கிருந்து வந்தது?

இதற்கான விடையைப் பலரும் அறியச் செய்தவர் ஆங்கிலப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த். 1840இல் கிளாஸ்கோவில் அவர் இதைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். ஓர் இரும்புப் பலகையில் நீலச் சாயத்தை மெல்லிசாகப் பூசி இன்னொரு பலகையை அதன்மேல் தேய்த்தால், மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டும். ஒட்டிய இடங்களை ஸ்கிரேப்பரால் சுரண்டிவிட்டு மறுபடி தேய்த்துப் பார்க்கலாம். நம் ஊர் ஃபிட்டர்கள் இன்றும் "ப்ளூ போட்டுப் பார்க்கிறது" என்று சொல்வது இதைத்தான். இரண்டு பலகைகளை வைத்து இப்படிச் செய்துகொண்டே போனால் முகமெங்கும் நீலம் சீராக ஒட்டும் நிலை வரும். ஆனால் அது தட்டை என்பதற்குச் சான்று அல்ல. ஒன்று குவிந்தும் மற்றொன்று அதே அளவுக்குக் குழிந்தும் இருந்தாலும் நீலம் சீராகவே ஒட்டும்.

விட்வொர்த்தின் வழியில் மூன்றாவது பலகை ஒன்று உண்டு. முதல் பலகை குவிந்திருக்கிறது என்று வையுங்கள். அதற்குப் பொருந்தும் இரண்டாவது குழிந்திருக்கும். முதலாவதற்கே பொருந்தும் மூன்றாவதும் குழிந்திருக்கும். இப்போது இரண்டையும் மூன்றையும் சேர்த்தால் குழியும் குழியும் எதிரெதிரே நிற்கும். ஓரங்களில் மட்டும் தொடும், குட்டு வெளிப்பட்டுவிடும். மூன்றும் ஒன்றோடொன்று மாறி மாறிப் பொருந்த வேண்டும் என்றால் மூன்றும் தட்டையாக இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மூலைக்கு மூலை முறுக்கிக்கொண்ட பலகைகள் மட்டும் தப்பிக்கப் பார்க்கும். ஒன்றைக் கால் சுற்று திருப்பிவைத்தால் அதுவும் பிடிபடும். முன்மாதிரித் தட்டை எதுவும் இல்லாமல், நீலச் சாயமும் சுரண்டியும் பொறுமையும் மட்டும் வைத்து, மனிதன் தட்டையை உண்டாக்கிக்கொண்டான். பொறியியல் வரலாற்றில் இதைப் போல என்னை ஈர்த்த தர்க்கம் வேறில்லை.

தட்டை வந்துவிட்டது. நீளம்? 25 மி.மீ. என்று பொறித்த கட்டை உண்மையிலேயே 25 மி.மீ.தானா என்று பார்க்க ஒளியைத் துணைக்கு அழைக்க வேண்டும்.

மழை நாளில் சாலையில் சிந்திய டீசல் வானவில் நிறங்களில் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய்ப் படலத்தின் மேல் முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடி முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றுசேரும்போது, அலையின் முகடும் முகடும் சந்தித்தால் ஒளி கூடுகிறது, முகடும் பள்ளமும் சந்தித்தால் அணைகிறது. இதற்குக் குறுக்கீட்டு விளைவு என்று பெயர். துல்லியமாக மெருகேற்றிய ஒரு கண்ணாடித் தட்டை ஸ்லிப் கேஜின்மேல் வைத்து, சோடியம் விளக்கின் ஒரே நிற மஞ்சள் ஒளியில் பார்த்தால், நடுவில் சிக்கிய காற்றுப் படலத்தால் கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டைகள் தெரியும். ஒரு கறுப்புப் பட்டையிலிருந்து அடுத்த கறுப்புப் பட்டைக்குப் போனால் காற்று இடைவெளி அரை அலைநீளம் மாறியிருக்கிறது, அதாவது சுமார் 0.3 மைக்ரான். பட்டைகள் நேராக, சம இடைவெளியில் இருந்தால் கட்டையின் முகம் தட்டை. பட்டைகள் வளைந்திருந்தால், எத்தனை பட்டை அகலத்துக்கு வளைந்திருக்கின்றன என்று பார்த்தே குறையை மைக்ரானின் பங்குகளில் சொல்லிவிடலாம்.

கட்டையின் நீளத்துக்குள் இப்படி எத்தனை அரை அலைநீளங்கள் அடங்கும் என்று எண்ணினால் நீளம் தெரிந்துவிடும். ஆனால் 25 மி.மீ. கட்டைக்குள் எண்பதாயிரத்துக்கு மேல் அடங்கும், ஒவ்வொன்றாக எண்ண வேண்டுமா? அதற்கும் ஓர் அழகான உபாயம் கண்டுபிடித்தார்கள். கட்டையைத் தட்டையான அடிப்பலகையில் ஒட்டவைத்து, அதன் மேல் முகத்திலும் பலகையிலும் விழும் பட்டைகளை ஒப்பிட்டால், முழு எண்ணிக்கை தெரியாவிட்டாலும் எஞ்சும் பின்னம் தெரியும். காட்மியம் விளக்கின் சிவப்பில் பார்த்தால் ஒரு பின்னம். சிவப்பின் அரை அலைநீளம் 0.322 மைக்ரான் என்பதால், அதே பின்னத்தைத் தரும் நீளங்கள் 0.322 மைக்ரானுக்கு ஒன்றாக வரிசையாக இருக்கும். பச்சையில் பார்த்தால் இன்னொரு பின்னம், அதற்குரிய நீளங்கள் 0.254 மைக்ரானுக்கு ஒன்று. நீலத்தில் 0.240க்கு ஒன்று. சாதாரணக் கருவியால் முன்பே ஒரு மைக்ரானுக்குள் தெரிந்துவைத்திருக்கும் எல்லைக்குள், மூன்று நிறங்களின் பின்னத்தையும் ஒருசேரத் தரக்கூடிய நீளம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். மூன்றால் வகுத்தால் மீதி இவ்வளவு, ஐந்தால் வகுத்தால் மீதி இவ்வளவு, எண்ணைச் சொல் என்ற விடுகதைக் கணக்கின் தர்க்கமே இது.

ஒளியைக் கொண்டு மீட்டரையே அளந்தவர் ஆல்பர்ட் மைக்கெல்சன். 1892-93இல் பாரிஸை அடுத்த செவ்ரில், பன்னாட்டு எடை அளவைப் பணியகத்தில் அவர் இதைச் செய்தார். 10 செ.மீ. நீளத்தில் ஓர் இடைநிலை அளவி, அதில் பாதி, அதிலும் பாதி என்று ஒன்பது அளவிகள். மிகச் சிறியது 0.39 மி.மீ. அதற்குள் அடங்கும் பட்டைகளை மட்டும் நேரடியாக எண்ணிவிட்டு, படிப்படியாக இரட்டித்து மேலே ஏறினார். காட்மியத்தின் சிவப்பு ஒளியில் 15,53,163.5 அலைகள் சேர்ந்தால் ஒரு மீட்டர் என்று கண்டார். அப்போது மீட்டர் என்பது அங்கே பூட்டிவைக்கப்பட்டிருந்த பிளாட்டினம்-இரிடியம் கம்பி ஒன்றில் இருந்த இரண்டு கோடுகளுக்கு நடுவிலான தூரம். கம்பி தீயில் கெட்டாலோ, தெரியாமல் சுருங்கினாலோ மீட்டரும் போயிற்று. ஒளியலை அப்படியல்ல, எந்த நாட்டு ஆய்வகத்திலும் அதே அணு அதே அலையைத்தான் தரும். 1960இல் உலக நாடுகள் கிரிப்டான்-86 அணுவின் ஆரஞ்சு ஒளியில் 16,50,763.73 அலைநீளங்களே மீட்டர் என்று முடிவு செய்தன. 1983இல் அதையும் தாண்டி, ஒளி வெற்றிடத்தில் ஒரு நொடியில் செல்லும் தூரத்தை 29,97,92,458 மீட்டர் என்று நிலையாக வைத்துவிட்டார்கள். லேசரின் அதிர்வெண்ணை அணுக் கடிகாரத்தோடு ஒப்பிட்டு அளந்தால் அதன் அலைநீளம் தானாகத் தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு ஓர் எதிரி மிச்சம் இருக்கிறது. அது வெப்பம். ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 11.5 மைக்ரான் நீள்கிறது. எனவே "இந்தக் கட்டை 100 மி.மீ." என்று மட்டும் சொன்னால் அது அரைகுறை வாக்கியம். எந்த வெப்பநிலையில் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய மீட்டர் கம்பியைப் பனிக்கட்டி உருகும் 0 டிகிரியில் வைத்து வரையறுத்தார்கள். இங்கிலாந்து தன் கெஜத்துக்கு 62 டிகிரி பாரன்ஹீட்டை வைத்துக்கொண்டது. யோகான்சன் தன் கட்டைகளுக்கு 20 டிகிரி செல்சியஸைத் தேர்ந்தார். 1931இல் பன்னாட்டுக் குழுவும் தொழில்துறை நீள அளவுகளுக்கு அதையே ஏற்றது. இன்று உலகில் எங்கே ஓர் இயந்திர வரைபடத்தைப் பார்த்தாலும், அதில் உள்ள ஒவ்வோர் அளவும் 20 டிகிரியில் என்றே பொருள், எழுதியிருக்காவிட்டாலும்.

சென்னை வெயிலில் 34 டிகிரியில் வேலை நடக்கும் பட்டறையில் என்ன ஆகும்? எஃகு ஷாஃப்டை எஃகு மைக்ரோமீட்டரால் அளந்தால், இரண்டும் ஒரே வெப்பநிலையில் ஊறியிருக்கும்வரை இரண்டும் சேர்ந்தே நீள்வதால் பிழை ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். அலுமினியம் வந்தால் கதை மாறும், ஏனென்றால் அது எஃகைப்போல் இரண்டு மடங்கு விரியும். 80 மி.மீ. அலுமினிய பிஸ்டனை அதே 34 டிகிரியில் எஃகு மைக்ரோமீட்டர் அளந்தால், கருவியில் எந்தக் குறையும் இல்லாமலே 13 மைக்ரான் கூடுதலாகக் காட்டும். லேத்திலிருந்து சூடாக இறங்கிய வேலையைக் கை பொறுக்காமல் உடனே அளப்பதும் இதே வகைத் தவறு. 100 மி.மீ. விட்டமுள்ள எஃகு வேலை மைக்ரோமீட்டரைவிட 20 டிகிரி சூடாக இருந்தால் 23 மைக்ரான் ஏமாற்றும். அந்த அளவை நம்பிக் கடைந்து முடித்துவிட்டு, ஆறிய பிறகு பார்த்தால் ஷாஃப்ட் மெலிந்திருக்கும். மைக்ரோமீட்டரின் சட்டத்தில் கை பிடிக்கும் இடத்தில் பிளாஸ்டிக் தகடு பதித்திருப்பது உள்ளங்கைச் சூடு கருவிக்குள் இறங்காமல் இருக்கத்தான்.

வெப்பத்தைப் போலவே இன்ச்சும் ஒரு தலைவலியாக இருந்தது. அமெரிக்க இன்ச் 25.4 மி.மீ.யைவிட ஒரு துளி பெரியது, பிரிட்டிஷ் இன்ச் ஒரு துளி சிறியது. இரண்டு பக்கமும் கட்டைகளை விற்க வேண்டியிருந்த யோகான்சன், நடுவில் சரியாக 25.4 மி.மீ.யையே இன்ச் என்று வைத்துக் கட்டைகளைச் செய்தார். இரு நாட்டுத் தொழிற்சாலைகளும் அவற்றை வாங்கி, அவற்றைக் கொண்டே அளந்தன. 1959இல்தான் ஆறு ஆங்கிலம் பேசும் நாடுகள் கூடி இன்ச் என்பது 25.4 மி.மீ. என்று முறைப்படி ஒப்புக்கொண்டன. சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எஃகுக் கட்டை அதைத் தீர்த்துவிட்டது.

மைக்ரோமீட்டரைக் கட்டையும் கட்டையை ஒளியும் சோதிக்கும் இந்தச் சங்கிலியின் உச்சியில் நம் நாட்டில் இருப்பது புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். 1950இல் திறக்கப்பட்ட அதன் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், ராமன் விளைவைக் கண்டறிந்த ஆய்வில் சி.வி. ராமனோடு இணைந்து உழைத்தவர். மாநிலங்களில் உள்ள அளவுத்திருத்தக் கூடங்கள் தங்கள் உயர்தர ஸ்லிப் கேஜ்களை, தேசிய அளவோடு தொடர்புடைய கட்டைகளோடு ஒப்பிட்டுச் சான்று வாங்குகின்றன. பட்டறையின் கட்டைகளை அந்தக் கூடங்கள் ஒப்பிடுகின்றன. பட்டறைக் கட்டைகள் டர்னரின் மைக்ரோமீட்டரைச் சோதிக்கின்றன. இப்படி மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் ஒப்பிட்டுக்கொண்டே வரும் தொடர்ச்சிக்குத் தடத்தொடர்ச்சி என்று பெயர் வைக்கலாம்.

ஒவ்வொரு கண்ணியிலும் கொஞ்சம் துல்லியம் கசிந்துபோகும், அதை மறைக்காமல் எழுதிவைப்பதுதான் முறை. உச்சியில் லேசர் அலைநீளம் பத்து இலக்கங்களுக்கு மேல் தெரியும். அதைக் கொண்டு அளந்த கட்டையில் ஒரு மைக்ரானின் நூறில் சில பங்கு சந்தேகம் இருக்கும். கட்டையைக் கட்டையோடு ஒப்பிடும் கூடத்தில் அது மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்குக்கு வளரும். பட்டறை மைக்ரோமீட்டரில் சில மைக்ரான்கள். நல்ல சான்றிதழில் அளவுக்குப் பக்கத்திலேயே "கூட்டல் கழித்தல் இவ்வளவு" என்று இந்த ஐயவரம்பும் அச்சாகியிருக்கும். அது இல்லாத சான்றிதழை வாங்கி மாட்டிவைப்பதில் பயனில்லை. 8 மைக்ரான் ஏற்புவரம்புள்ள வளையத்தை 4 மைக்ரான் வரை பிழை அனுமதிக்கப்பட்ட கருவியால் அளந்தால், நல்லது கெட்டதைப் பிரிக்கவே முடியாது. பேரிங் ஆலைகளில் வளையத்தின் முழு விட்டத்தை அளக்காமல், அளவு தெரிந்த மாஸ்டர் வளையத்தில் கருவியைச் சுழிக்கு வைத்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்று மட்டும் பார்ப்பது இதனால்தான். சிறிய வேறுபாட்டைச் சரியாக அளப்பது முழு நீளத்தைச் சரியாக அளப்பதைவிட எளிது.

அளவுத்திருத்தம் முடிந்த மைக்ரோமீட்டரில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சோதித்த தேதி, அடுத்து சோதிக்க வேண்டிய தேதி இரண்டும் அதில் இருக்கும். தேதி இன்னும் தாண்டவில்லை என்பதற்காக மட்டும் அதை நம்பிவிடக் கூடாது. கருவி ஒருமுறை கைநழுவித் தரையில் விழுந்திருந்தால், சுழி சரியாக இருந்தாலும், அந்தப் பத்து நீளங்களிலும் ஸ்லிப் கேஜ் வைத்துப் பார்த்த பிறகே மறுபடி வேலைக்கு எடுக்க வேண்டும். விழுந்த செய்தியைச் சொல்லும் பையனைத் திட்டாத பட்டறையில்தான் அது நடக்கும்.